வெளிக்கதவில் கட்டிய உத்தரவு

கிடங்கு ஆறு, நாள் 203, 08:00

காற்று சரி. தண்ணீர் சரி. தகவல் அடுக்குகள் நாற்பதும் ஓடுகின்றன. வந்த வழக்குக் காகிதங்கள்: இல்லை.

இதைப் படிப்பவருக்கு ஒரு விளக்கம். என் பெயர் ரெஜினா பர்னாந்து, ஊர் மணப்பாடு. நிறுவனத்தின் செயலியில் ஊரார் பேசுவது, எழுதுவது எல்லாம் இந்த விண்கிடங்கில் தங்கும். சிவில் வழக்குக்காக அதைக் கேட்பவர்கள், கோர்ட் உத்தரவைப் பதிவு அலுவலகத்தில் நேரில் சேர்க்க வேண்டும். யாருக்கும் எட்டாதபடி பதிவு அலுவலகத்தைத் தூக்கி இங்கே வைத்துவிட்டார்கள். வாங்கிக்கொள்ளும் அதிகாரி நான் ஒருத்திதான். இதுவரை யாரும் வரவில்லை. நோகாமல் நுங்கு தின்கிற வேலை.

நாள் 203, 15:20

தலைமையகச் செய்தி: "நாளை சரக்குக் கலத்தில் கோர்ட் ஆள் ஒருவர் வருகிறார். கதவைத் திறக்க வேண்டாம். திறந்தால் ஒப்பந்தம் முடிந்தது."

ஒப்பந்தம் முடிந்தவர்களுக்குத் திரும்பும் கலத்தில் இடம் கிடையாது. சேரும்போது அந்த வரியைப் படித்துச் சிரித்தேன்.

நாள் 204, 10:05

வந்துவிட்டார். திருநெல்வேலி கோர்ட் அமீனா, ஆறுமுகநயினார். ஐம்பது வயதிருக்கும். விண்ணுடை இரண்டு அளவு பெரிது. கதவுக்கு வெளியே கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார். ரேடியோவில் வந்தது அப்படியே:

"தாயி, கதவத் தொறக்கேளா? ஒரு பக்கம் வெயிலு பொசுக்குது, ஒரு பக்கம் வெறைக்குது."

"திறக்கக் கூடாதுன்னு உத்தரவு அண்ணாச்சி."

"எங்கிட்டயும் உத்தரவுதான் இருக்கு. பஸ்ஸுக்குப் படி கேட்டாலே ஆறு மாசம் இழுப்பாவ. இதுக்கு ஜட்ஜம்மா அன்னைக்கே கையெழுத்துப் போட்டாவ. வெசயம் அப்படி."

விஷயத்தைச் சொன்னார். மேலப்பாளையம் செய்யதம்மாள். ஏழு வயது மகள் ரிஃபாயா கணவன் வீட்டாரிடம் இருக்கிறாள். இரண்டு வருடமாகத் தாய் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளுக்குப் பிள்ளை வேண்டாம் என்று வழக்கில் சொல்கிறார்கள். அவளோ தினமும் மகளுக்குக் குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள். அந்தப் பக்கம் அழித்துவிட்டார்கள். இவள் போனையும் பிடுங்கி உடைத்துவிட்டார்கள். நகல் இருப்பது என்னிடம், அடுக்கு பதினேழில். நிறுவன விதிப்படி நாள் 206, நண்பகலில் தானாக அழியும். உத்தரவு சேர்ந்துவிட்டால் அழிக்கக் கூடாது.

நான் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

நாள் 204, 11:10

"வாங்கலைன்னா வெளிக்கதவுல ஒட்டிட்டுப் போவேன் தாயி. ஊர்ல அப்படித்தான். ஒட்டுனா சேந்த மாதிரி."

ஊரில் ஒட்டுவதுபோல் இங்கேயும் ஒட்ட, மைதாப் பசையைக் குழாயில் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அது கல்லாய் உறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் உத்தரவைக் கம்பி போட்டுக் கதவின் கைப்பிடியில் கட்டினார். ஊர் வழக்கப்படி கதவை மூன்று முறை தட்டினார். சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

"ரெண்டு சாட்சி வேணும். கலம் ஓட்டுத தம்பி ஒண்ணு. இன்னொண்ணு யாரு இருக்கா? நீங்க பாத்தேளா இல்லையா?"

பார்த்தேன் என்றேன். பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சொன்னேன். பதிவு செய்துகொண்டார். கதவைத் திறக்காதே என்றுதானே சொன்னார்கள், வாயைத் திறக்காதே என்று சொல்லவில்லையே.

நாள் 205, 17:30

கீழிருந்து நயினார் அண்ணாச்சி:

"தாயி, மோசம் போயிட்டோம். அங்க ஆளே கெடையாது, பேசுனது தானியங்கிக் குரலுன்னு கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு. ரெஜினான்னு ஒருத்தி எங்க பதிவுல இல்லைங்காவ. மிசினு எப்படிச் சாட்சி ஆவும்னு வக்கீல் கேக்காரு. நான் சத்தியம் பண்ணேன். ஜட்ஜம்மா ஆதாரம் கேட்டு வாய்தா போட்டுட்டாவ, ஒங்க கணக்குல நாள் 209க்கு."

பிள்ளையின் தாய் நீதிமன்ற வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம், எழுந்து போகச் சொன்னாலும் போகவில்லையாம். அதோடு தொடர்பு அறுந்தது.

என் பணிக்கோப்பைத் திறந்தேன். இல்லை. சம்பளப் பதிவு இல்லை. அம்மாவுக்கு நான் அனுப்பிய செய்திகள் இல்லை. பாவிகள்.

நாள் 206, 11:35

அடுக்கு பதினேழைப் பிடுங்கிவிட்டேன். மின்சாரம் இல்லாத அடுக்கை எந்தக் கட்டளையும் அழிக்க முடியாது. இருபது கிலோ, எடையில்லாத இடத்திலும் முரண்டு பிடித்தது. உள்ளே இருப்பதை நான் கேட்கவில்லை. தாயும் மகளும் பேசுவதில் எனக்கென்ன வேலை.

நாள் 206, 12:20

தலைமையகச் செய்தி: "ஆளில்லா நிலையத்தில் காற்று இயக்கம் தேவையில்லை. நிறுத்தப்படுகிறது."

விசிறிகள் நின்றன. இத்தனை நாள் அதன் இரைச்சலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நாள் 206, 19:00

தலைவலி. அவசரக் காற்று உருளையும் தீர்ந்தது. அடுக்கைப் போர்வையில் சுற்றி என் இடுப்போடு கட்டியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுக்கவும். சாக எனக்கு இஷ்டமில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 206, 20:45

தலைமையகச் செய்தி, வந்தபடியே: "அடுக்கு பதினேழை இடத்தில் வை. வைத்தால் காற்று தருகிறோம்."

இரண்டு முறை படித்தேன். பிறகு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். தானியங்கிக் குரலுக்கு எதற்குக் காற்று?



நாள் 206

நேரம் தெரியவில்லை. திரை மங்கல்.

அந்தச் செய்தி இந்தக் குறிப்பில் அப்படியே இருக்கிறது, அவர்கள் முத்திரையோடு. எழுதும் இந்தப் பலகையையும் அடுக்கோடு கட்டிவிட்டேன். ஜட்ஜம்மா கேட்ட ஆதாரம் அதுதான். மிசினிடம் மூச்சைக் காட்டி யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

வாய்தா 209. அதற்குள் யாராவது வந்தால்

திரும்பவும் கேட்கிறார்கள். வைக்கிறாயா என்று. ஒரு நொடி கட்டை அவிழ்க்கக் கை போனது. மறைக்கவில்லை, போனது. கையை இழுத்துக்கொண்டேன்.

ரிஃபாயா, உன் அம்மா தினமும்