விழாத பிள்ளை

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம் எழுதாமல் தொடங்குகிறேன். இந்த வாரம் வேண்டிய மட்டும் சொல்லியாகிவிட்டது.

விடுதியில் பேய் புகுந்துவிட்டதாம். ரீபா காய்ச்சலோடு ஜெபத்தில் நின்று மயங்கி விழுந்தாள். பேயை விரட்ட வார்டன் தேவமணி டீச்சர் எல்லோருக்கும் உபவாசம் போட்டார். மறுநாள் பட்டினியில் நான்கு பேர் விழுந்தார்கள். பேய் வலுத்துவிட்டது என்று ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினார். இப்போது தினமும் பாதி விடுதி மாறி மாறி விழுகிறது. நீ நர்ஸ், உனக்குச் சிரிப்பு வரும். இங்கே உயிரியல் படிக்கிற அக்காமார்கூட ஆமென் சொல்கிறார்கள்.

நான் விழவில்லை. அம்மா கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்தைப் போர்வைக்குள் தின்றுகொண்டிருந்தேன்.

இன்று ரீபா என்னைக் காட்டி, "இவ மட்டும் ஒரு நாளும் விழலையே டீச்சர். அது இவட்டதான் குடியிருக்கு" என்றாள்.

டீச்சர் என் கன்னத்தைத் தட்டினார். "ஏட்டி, பயப்படாத. நாளைக்குப் பிரம்பால அடிச்சு அதை விரட்டிருதேன்."

தின்றதைச் சொன்னால் உபவாசத்தைக் கெடுத்த பாவி. சொல்லாவிட்டால் பேய். அதனால் மீதியை ஜன்னல் வழியே எறிந்துவிட்டேன். நாளை நானும் விழுந்து நல்ல பிள்ளையாகிவிடுவேன்.

விழுந்தவர்களை எழுப்பி, பேய் யாரிடம் என்று கேட்பார்கள். கடைசி வரிசையில் இன்னும் விழாத ஒருத்தி இருக்கிறாள். ஆறாம் வகுப்பு சுகிர்தா. அவளுக்குத் தினமும் முந்திரிக்கொத்து கொடுத்தது நான்தான்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போக அனுமதி இல்லை. உன் ஆஸ்பத்திரிக்கும் பால் ஊற்றுகிறவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பிரம்பைப் பார்த்தால் யார் பெயரைச் சொல்வேனோ தெரியாது. அதற்குள் வந்துவிடு.

உன் தங்கை