சனிக்கிழமை பத்து மணி, நாற்பது வெள்ளி

இன்று காலை தேக்கா சந்தையில் கொத்தமல்லி வாங்கினேன். ஈரக் கட்டு ஒன்றைப் பைக்குள் போட்டதும் எழுந்த வாசனையில், "எனக்கும் ரெண்டு கட்டு" என்று நீ பக்கத்தில் நின்று சொல்வதுபோல் இருந்தது. திரும்பியே பார்த்துவிட்டேன். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே கோப்பிக் கடைக்குப் போய், நாம் வழக்கமாக உட்காரும் மேசையில் உட்கார்ந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது.

மருத்துவமனைத் துணிப் பகுதியில் பதினெட்டு வருடம் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடித்தவர்கள் நாம். விரிப்பின் இரண்டு முனை உன் கையில், இரண்டு முனை என் கையில். அப்படி மடித்துக்கொண்டிருந்தபோதுதான், கைத்தொலைபேசியில் ஏதோ ஒரு குழுவில் சொன்னதை நம்பி, மீன் பெயர் வைத்த ஒரு கிரிப்டோ காயினில் அறுநூறு டாலரை, நம் பேச்சில் அறுநூறு வெள்ளியை, போட்டதையும், ஒரே வாரத்தில் அது முப்பது வெள்ளியானதையும் உன்னிடம் சொன்னேன். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். விரிப்பை மடித்து முடித்துவிட்டு, "வறுக்கக்கூட முடியாத மீனுக்கு அறுநூறா?" என்று கேட்டாய். அழ வேண்டிய நான் சிரித்துவிட்டேன்.

அதோடு விட்டுவிடுவாய் என்று பார்த்தால், உனக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு மாதம் அதைப் பற்றிப் படித்தோம். நீ படித்துச் சொல்வாய், நான் குறுக்கே கேள்வி கேட்பேன். பாதிக் கேள்விக்கு உனக்கும் பதில் தெரியாது. கடைசியில் நாமாகவே சில விதிகள் வைத்துக்கொண்டோம். மாதம் ஆளுக்கு நாற்பது வெள்ளி, போனால் அழக் கூடாத பணம். உரிமம் உள்ள ஒரே செயலி, பழைய பெரிய காயின் இரண்டு மட்டும். வாங்குவதும் விற்பதும் காய்கறி வாங்கி முடித்து, சனிக்கிழமை பத்து மணிக்கு. வாங்கும் முன்பே, எவ்வளவு இறங்கினால் விற்பது, எவ்வளவு ஏறினால் விற்பது என்று தாளில் எழுதி, செயலியிலும் பதிந்துவிட வேண்டும். இதற்கெல்லாம் மேல் நீ கண்டுபிடித்தது ஒன்று: உன் கடவுச்சொல்லில் பாதி எனக்கு மட்டும் தெரியும், என் கடவுச்சொல்லில் பாதி உனக்கு மட்டும் தெரியும். செயலிக்காரர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். நமக்கு அதுதான் பூட்டு. முகத்தைக் காட்டினால் திறக்கும் வசதியைக்கூட அணைத்து வைத்தோம்.

விதியை மீறுகிறவள் நானாகத்தான் இருப்பேன் என்று இருவருமே நம்பியிருந்தோம்.

கிரிப்டோ விலை பெரிதாக விழுந்த வருடம், நாம் எழுதி வைத்த விலையில் நம் காயின்கள் தாமாகவே விற்றுப்போயின. சின்ன நஷ்டம். அதற்குப் பிறகும் விலை இறங்கிக்கொண்டே போனது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், விடுப்பில் வீட்டில் இருந்த நீ அழைத்தாய். உன் கடவுச்சொல்லின் மறுபாதி வேண்டும் என்றாய். உன் கணவர் அந்தோணி அண்ணனோடு வேளாங்கண்ணி போக நீங்கள் இருவரும் சேர்த்திருந்த மூவாயிரம் வெள்ளியையும் போடப் போவதாகச் சொன்னாய். அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். நீ பேச்சை விலைக்கு மாற்றினாய்.

"இந்த விலை மறுபடி வராது டீ. என் காசு லா, உன் காசு இல்ல."

"தெரியும். சனிக்கிழமை கேளு, தர்றேன். இன்னைக்குத் தரமாட்டேன்."

இன்னும் இரண்டு முறை அழைத்தாய். பிறகு நான் தொலைபேசியை அணைத்து வைத்தேன். அன்று மாலைவரை தலையணை உறைகளை உள்பக்கம் வெளியே வைத்து மடித்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவள், போயும் போயும் உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நீ வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. வேலை இடத்திலும் வேறு ஆளோடு நின்று மடித்தாய். அதற்குள் விலையோ ஒன்றரை மடங்காக ஏறிவிட்டது. நீ சொன்னதுதான் சரி. இரண்டு சனிக்கிழமையும் நான் தனியாக உட்கார்ந்து கோப்பி குடித்துவிட்டுப் போனேன்.

மூன்றாவது சனிக்கிழமை, கையில் காய்கறிப் பையோடு வந்து எதிரே உட்கார்ந்தாய்.

"நீ எனக்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி தரணும்" என்றாய்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. நீ என் கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாய்: "அன்னைக்கு நீ குடுத்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். ஜெயிச்சிருந்தா, அடுத்த தடவ வீட்டையே கொண்டுபோய் வெச்சிருப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும் லா." பிறகு இரண்டு பரோட்டா வரவழைத்து, பணமும் நீயே கொடுத்தாய்.

அந்த டிசம்பரில் நீங்கள் இருவரும் வேளாங்கண்ணி போய் வந்தீர்கள். கடற்கரையில் அலை வந்து செருப்பை இழுத்துக்கொண்டு போக, அண்ணன் ஒற்றைச் செருப்போடு நிற்கும் படத்தைத் துணிப் பகுதி முழுக்கக் காட்டினாய். அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது இரண்டு வருடம். நோய் வந்தது, போய்விட்டாய். அந்தப் பயணப் பணம் பயணமாகவே செலவானது எனக்கு இன்றுவரை சந்தோஷம்.

உன் கணக்கை முறைப்படி மூடியபோது, இத்தனை வருட லாபத்தில் ஒரு நல்ல குளிர்சாதனப் பெட்டி வாங்கலாம் என்ற அளவுக்குப் பணம் இருந்தது. அண்ணன் வாங்கிவிட்டார். என் கடவுச்சொல்லை மாற்றி, நீ வைத்திருந்த பாதியை இப்போது அவரையே பதியச் சொல்லி அவரிடமே விட்டிருக்கிறேன். அவருக்குக் காயினும் தெரியாது, விலையும் தெரியாது.

போன புதன்கிழமை விலை திடீரென்று ஏறியது. புக்கிட் மேராவில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே அவரை அழைத்து, இப்போதே வாங்க வேண்டிய காரணத்தை எல்லாம் கொட்டினேன். முழுதும் கேட்டார்.

"நீ எழுதி வெச்ச பேப்பர்ல இது இருக்கா மா?"

"இல்லண்ணே."

"அப்போ சனிக்கிழமை பேசலாம். சாப்டியா?"

வைத்துவிட்டார். எனக்குக் கோபமான கோபம். அவரையும் உன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு நின்றேன். பேருந்து வந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி சற்றுத் தள்ளி நின்றார். ஆசை வந்தால் முதலில் ஒருவரை அழைத்துச் சொல்லிவிடும் பழக்கம் உன்னிடமிருந்து வந்தது. அண்ணன் முடியாது என்று சொன்னாலும், அடுத்த முறையும் அவரைத்தான் அழைப்பேன்.