செல்ஃப் எடுத்தும் ஸ்டார்ட் ஆகாத பத்மினி

அன்புள்ள எழில்மதிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், பத்மினி மட்டும் சில நாள் படுத்துக் கிடந்து இப்போது எழுந்துவிட்டது. அந்த ஊர்க் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார், அவர் காதில் விழ வேண்டாத விஷயம் என்பதால் பருப்புப் பொடி பார்சலோடு வைத்து அனுப்புகிறேன்.

மழை நல்ல மழை. ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு நிறைய சாய்ந்துவிட்டது, நம்முடையது தப்பித்தது. பெரியப்பா டிராக்டர் வாங்கியது உனக்குத் தெரியும், அதை நிறுத்த இடமில்லை. ஆயுத பூசைக்கு முந்தின வாரம் வந்து உன் அப்பாவிடம், "என் டிராக்டரு மழையில நனைஞ்சிக்கினு நிக்குது, உன் கெழவி உள்ள சொகுசா தூங்குது" என்றார். கெழவி என்றது என்னை இல்லை, நம் பழைய பத்மினி காரை. அதன் ஆர்.சி. அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது, புதுப்பிக்கப் பூசை முடிந்த திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டியிருந்தது. அது தானாக ஓடிப் போய்த் திரும்பினால் கொட்டகையில் இருக்கட்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று பெரியப்பா சொல்ல, உன் அப்பா தலையாட்டிவிட்டார். அண்ணன் பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை. முட்டி வலி வந்ததிலிருந்து அவரால் பைக் ஓட்ட முடிவதில்லை, வண்டியும் போய்விட்டால் வீட்டுக்குள்ளேயே உட்கார வேண்டியதுதான். வீட்டில் சோறு ஆச்சா என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறவர், கரியாலூர் மலைப்பாதையில் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் ஓயாமல் பேசுவார். அதனால் இதில் எனக்கும் கொஞ்சம் சுயநலம் உண்டு.

பூசையன்று காலையிலிருந்து அவர் கொட்டகையில் தனியாகவே இருந்தார். கழுவித் துடைத்து, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டிச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் நன்றாக எடுத்தது, என்ஜின் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் அதே கதைதான். பழம் நசுங்காமல் விடக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தள்ளி அதை நசுக்கினார்கள், சாஸ்திரம் காப்பாற்றப்பட்டது, வண்டி அப்படியே நின்றது. பெரியம்மா கண்ணு பட்டுடுச்சு என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார். மெக்கானிக் சின்னதுரை வந்து பிளக்குகளை மாற்றி, கார்பரேட்டரைக் கழற்றி மாட்டி, பெட்ரோல் பம்புதான் போச்சு, செவ்வாய்க்கிழமை வேறு கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனார். பெரியப்பா திங்கட்கிழமை மத்தியானத்துக்கே இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டார். உன் அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே பானெட்டைத் திறந்தேன். பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள் பூசணிக்காயை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. செல்ஃப் எடுக்கிறது என்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. ஒரு பிளக்கைக் கழற்றினேன், பெட்ரோலில் நனைந்திருந்தது, அப்படியானால் பம்பு மேலும் குற்றமில்லை. பிளக்கை அதன் ஒயரோடு என்ஜின் இரும்பின் மேல் வைத்து உன் அப்பாவைச் சாவி போடச் சொன்னேன், பொறி வரவில்லை. பொறிக்கான மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கிற காயிலிலிருந்து வருகிற தடித்த ஒயரை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தால் நீலமாகப் பொறி பாய்ந்தது. காயில் வரைக்கும் வருகிற மின்சாரம் பிளக்குக்குப் போய்ச் சேரவில்லை, நடுவில் இருப்பது அதை நாலு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிப்யூட்டர் ஒன்றுதான். அதன் மூடியைத் திறந்தேன். உள்ளே சுழல்கிற ரோட்டரின் தலையில் ரூபாய்க்காசு அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மூடிக்குள்ளும் வரிசையாகப் பொட்டு. மழை ஈரத்தில் ஒன்றுகூடக் காயவில்லை. பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரச் சந்தனம் வழியாகவே இறங்கி எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வருடாவருடம் பானெட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும்தானே வைப்பீர்கள், இதைத் திறந்து உள்ளே எதற்கு வைத்தீர்கள் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "கடைசி பூசதான செல்வி. எல்லாத்துக்கும் ஒன்னு வச்சி அனுப்பலாம்னு பாத்தேன்" என்றார். வண்டி எப்படியும் இரும்புக்குத்தான் போகும் என்று பூசைக்கு முன்பே முடிவு கட்டியிருக்கிறார். துணியை நீட்டினேன், அவரே துடைத்தார். மூடியையும் பிளக்குகளையும் வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டினோம், இரண்டாவது தடவையே பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி போய்த் திரும்பினோம், ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. இரும்புக் கடைக்காரர் மோர் குடித்துவிட்டுப் போனார். பெரியப்பா கொட்டகைக்குப் பக்கத்தில் டிராக்டருக்குத் தகரக் கூரை போட ஆள் வைத்திருக்கிறார், வரும் பிரதோஷத்துக்குத் திருநாவலூர் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றும் முன்சீட்டுதான் வேண்டும் என்றும் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டார். பூசணிக்காயால்தான் சரியானது என்பது பெரியம்மாவின் கட்சி. நான் திருத்தவில்லை, திருத்தினால் சந்தனக் கதையைச் சொல்ல வேண்டிவரும், இதில் உன் அப்பாவைக் கேலி செய்ய யாருக்கும் இடம் கொடுப்பதாக இல்லை. நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ரசம் வைக்கக் கற்றுக்கொள், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நீ எடுத்த படிப்பு நல்லபடியாக முடிந்து, நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

மறக்காமல் ஒரு காரியம் செய். உன்னை ஏர்போர்ட்டில் விட்டபோது உன் அப்பா பார்க்கிங்குக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டாரே தவிர உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் நீ கிளம்புவதற்கு முந்தின நாள் சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறேன் என்று உன் பெரிய பெட்டியை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். அதன் உள்துணியின் ஜிப்பைத் திறந்து சக்கரம் மாட்டியிருக்கிற மூலையைப் பார். சந்தனம் இருந்தால் துடைக்காதே, பெட்டி ஓட அது தடையில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
செந்தமிழ்ச்செல்வி