வெள்ளிமலை ஜீப்பும் ஒரு ஃபோல்டரின் அனுமதியும்

பாய், வரிசை போட்டுக்கொள்ளாமல் எழுதினால் எனக்குத் தடம் மாறிவிடும். ஆகவே:

1. இன்று காலை திரையில் வந்த ‘அனுமதி மறுக்கப்பட்டது’.
2. அதை நான் சரிசெய்த விதம்.
3. அனுமதி விஷயத்தில் நீங்கள் அசட்டையானவர் என்பது.

மலையில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரி ஜீப்புக்குப் பெயர் பதிய நாம் சேர்ந்து செய்த பக்கத்தை நேற்று புதிய சர்வருக்கு மாற்றினேன். காலையில் வெள்ளிமலை ஜீப் டிரைவர் கூப்பிட்டார்.

“சார், யாராலயும் பேரு பதிய முடியலையாம். நான் பாட்டுக்கு மெயின் ரோட்டோட எறங்கிட்டா, உள்ள ஆஸ்பத்திரிக்கு நின்னுக்கினு இருக்கறவங்க இன்னா பண்ணுவாங்க?”

உடனே சர்வரைத் திறந்து பார்த்தேன். பக்கத்தை ஓட்டும் ஸ்கிரிப்டை இயக்க அனுமதி இருந்தது. அது பெயர்களை எழுதிவைக்கும் ஃபோல்டர்தான் தடுத்தது. நகலெடுத்தபோது எல்லாவற்றுக்கும் நானே உரிமையாளர் ஆகிவிட்டிருந்தேன். சர்வரோ வேறொரு பயனரின் பெயரில் ஓடுகிறது; அதனால் அங்கே எழுத அதற்கு அனுமதி இல்லை. 777 என்று போட்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிட்டால் உடனே ஓடும். ஆனால் கண்டவனும் எழுதலாம்.

நீங்கள் இருந்த நாட்களில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உங்கள் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு ஃபைலாகப் பூட்டுவேன். நீங்கள் டீ சிந்தச் சிரிப்பீர்கள்.

“இன்னா சார், பூட்டு மேல பூட்டு போட்டுக்கினு! சர்வரே வெளிய நின்னுக்கினு கதவத் தட்டுது பாருங்க. தொறந்து வுடுங்க சார், எந்தத் திருடன் மலை ஏறி வரப்போறான்?”

நான் சிரித்ததில்லை. நீங்கள் எல்லாவற்றையும் திறந்தே போட்டிருப்பீர்கள் என்று உள்ளூர நம்பினேன்.

அந்த நம்பிக்கையில்தான் இன்று 777 வரை தட்டினேன். என்டரை அழுத்தத் தைரியம் வரவில்லை. நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள் என்று பழைய சர்வரில் பார்த்தேன். அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும், சர்வர் சேர்ந்திருக்கும் பயனர் குழு எழுத அனுமதி கொடுத்திருந்தீர்கள். மற்றதெல்லாம் வெளியாருக்கு அடைத்தே இருந்தது. அப்படியே செய்தேன். பக்கம் ஓடியது.

சற்றைக்கெல்லாம் டிரைவர் மறுபடியும் கூப்பிட்டார். “மாசமா இருக்கற பொண்ணு ஒண்ணு பேரு வந்துடுச்சு சார். வண்டிய உள்ள திருப்பிட்டேன். பாய் இருந்தா உங்கள இன்னா ஓட்டு ஓட்டியிருப்பாரு!”

ஓட்டியிருப்பீர்கள். நானும் இன்று சிரித்தேன். இனி எதைத் திறந்தாலும் யாருக்கு, எதற்கு என்று உங்கள் ஃபோல்டரைப் பார்த்துத்தான் திறப்பேன்.

மூன்றாவது குறிப்பு தவறு, பாய்.