ட்ரம்பெட்டை எடுக்கப் போனவருக்கு

அண்ணை,

இன்று காலை எங்கள் தெருவில் ஒரு குண்டைக் கண்டெடுத்தார்கள். புதுக் கட்டடத்துக்கு அத்திவாரக் கிடங்கு வெட்டியபோது அகப்பட்டதாம். உலக யுத்தத்தில் விமானம் போட்டு, வெடிக்காமல் போனது. ஜெர்மனியின் இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரில் இது புதுமையில்லை. நகரசபை ஆட்கள் வீடு வீடாக மணி அடித்து வெளியேறச் சொன்னார்கள். நானும் மருந்துப்பையோடு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் போய்க் குந்தினேன். கோப்பி கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரி கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தார். எங்களுக்கு யார் அன்று மணி அடித்துச் சொன்னார்கள் என்று எரிச்சல்தான் வந்தது.

குண்டு என்றால் எனக்கு நீங்கள்தான். வேறு நினைவே வருவதில்லை.

கப்பலில் சமையற்காரராகப் போய் ஜாஸ் பழகிக்கொண்டு வந்தவர் நீங்கள். யாழ்ப்பாணத்தில் அதை யார் கேட்டது? கலியாண வீட்டார் சினிமாப் பாட்டுக்குத்தான் எங்கள் பாண்டைப் பிடித்தார்கள். நீங்களோ பாதிப் பாட்டில் சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவீர்கள். ஒருமுறை பெண்ணின் தகப்பன் மேடைக்கே ஏறி வந்தார்.

"தம்பி, பாட்டு எங்கை போயிட்டுது?"

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா, திரும்பி வரும்" என்றீர்கள். வந்தது. எவ்வளவு தூரம் போனாலும் கொண்டுவந்து சேர்த்துவிடுவீர்கள். அந்தத் துணிவில்தான் நாங்கள் ஐந்து பேரும் உங்களுக்குப் பின்னால் நின்றோம்.

அன்று மாதா கோயில் மண்டபத்தில் ஒத்திகை. மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. குண்டு போடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டதும் நீங்களும் நானும் பின்வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் விழுந்தடித்து ஓடினோம். முதல் குண்டு தள்ளி விழுந்தது. அப்போதுதான் நான் கத்தினேன்: "ஐயோ அண்ணை, என்ரை ட்ரம்பெட்!" வாங்கி இரண்டு கிழமையும் ஆகவில்லை. வாசற்பக்கம் இருந்த நீங்கள், கழுத்தில் கிடந்த சாக்ஸபோனைக் கழற்றி என் மடியில் வைத்தீர்கள்.

"இதைப் பிடி. எடுத்துக்கொண்டு வாறன்."

பொம்மர் திரும்பி வரும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வந்தது.

சாக்ஸபோனை உங்கள் மனைவியின் கையில் கொடுத்தபோது, அக்காவின் அந்த முகத்தைப் பார்த்து ட்ரம்பெட் என்று சொல்ல வாய் வரவில்லை. ரோட்டில் ஒரு பிள்ளை அழுதது, தூக்கப் போனவர், பிள்ளை தப்பிவிட்டது என்றேன். அக்கா அதை நம்பியே கண்ணை மூடினார். ஆண்டுதோறும் இங்கே தமிழ்ப் பூசையில் உங்களுக்காக மன்றாடும்போது நான்தான் எழும்பி அந்தக் கதையைச் சொல்வேன். இல்லாத பிள்ளைக்கு ஒரு சிவப்புச் சட்டையும் போட்டுவிட்டேன். வருகிற ஞாயிறும் சொல்லவேண்டும்.

இன்று விளையாட்டு மண்டபத்தில் இருக்கும்போது ஹம்பேர்க்கிலிருந்து உங்கள் மகள் போன் எடுத்தாள்.

"மாமா, செய்தியில பாத்தன். பத்திரமா இருக்கிறீங்களோ?"

"ஓம் பிள்ளை."

"அப்பா தூக்கப் போன பிள்ளை இப்ப எங்கையாவது இருக்கும்தானே? எனக்கு அந்தப் பிள்ளையை ஒருக்காப் பாக்கவேணும் மாமா. தேடிப் பாப்பமோ?"

எனக்கு உடம்பெல்லாம் அலுத்துப் போயிற்று, அண்ணை. எத்தனை வருடம்தான் இதைச் சுமப்பது!

"பிள்ளை ஒண்டும் இல்லையம்மா. அப்பா என்ரை ட்ரம்பெட்டை எடுக்கத்தான் போனவர்."

பிறகு கேட்டாள்: "போகவேண்டாம் எண்டு சொன்னனீங்களோ?"

அதற்கும் ஒரு பொய் என் வாயில் தயாராக இருந்தது.

"இல்லை. சொல்லேல்லை. எனக்கு ட்ரம்பெட் வேணுமாயிருந்தது."

போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. அழுதாள். அழுது முடித்து, "ஞாயிற்றுக்கிழமை வாறன். பூசையில இதைச் சொல்லுங்கோ. நான் முன் வாங்கில இருப்பன்" என்றாள்.

பின்னேரம் குண்டைச் செயலிழக்கச் செய்துவிட்டு எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வந்த கையோடு இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எழும்பிச் சொல்லிவிடுவேன். பிள்ளையின் கதையை இறக்கி வைத்தாயிற்று. 'போகாதேங்கோ' என்ற ஒரு சொல் மட்டும் இன்னும் என்னிடமே கிடக்கிறது, அண்ணை. அதை இனி யாரிடம் சொல்ல?