தண்ணீரிலும் பூஞ்சை

3 பிப்ரவரி 2003, திங்கள்

பி.சி.ஆர். மெஷின் வந்து இன்றோடு ஒரு வருடம். பிறந்தநாள் கொண்டாட்டமாக அதன் பிளாஸ்டிக் உறையைத் துடைத்து வைத்தேன். திறப்பு விழாவில் மைசூர் பேட்டா தலைப்பாகை, மாலை, போட்டோ. அதோடு சரி. ரத்தத்தில் பூஞ்சையின் மரபணுத் துணுக்கு இருந்தால் ஒரே நாளில் காட்டிவிடும். ஆனால் லேப் தலைவர் டாக்டர் சேஷகிரிக்குக் கல்ச்சர் தட்டில் முளைத்து, பச்சை பூத்து, கண்ணால் பார்த்தால்தான் பூஞ்சை. அதற்குள் நோயாளி போய்விட்டால்? ரிப்போர்ட் பிரமாதமாக இருக்கும்.

11 பிப்ரவரி

மெஷினை ஓட்ட அனுமதி கிடைத்தது. மூன்று மாதிரிகள், "பிராக்டீஸுக்கு".

13 பிப்ரவரி

மூன்றும் பாசிட்டிவ்! பூஞ்சை இருந்தால் கோடு விழும்; அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சேஷகிரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"கேத்தரின், இந்த நாலாவது எது?"

ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெறும் தண்ணீர். அதிலும் கோடு.

"அப்ப தண்ணிக்கும் மருந்து ஸ்டார்ட் பண்ணிடலாமா?"

லேபே சிரித்தது. காற்றில் திரிந்த பூஞ்சை என் டியூபில் விழுந்திருக்கிறது. பன்னிரண்டு வருட சர்வீஸ், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். மண்டு.

14 பிப்ரவரி

கேன்டீனில் சர்வர் தண்ணீர் டம்ளரை நீட்டி, "டெஸ்ட் பண்ணியாச்சா மேடம்?" இங்கே செய்தி மட்டும் சீக்கிரம் பரவும்.

8 மார்ச்

பழைய ஸ்டோர் ரூமைக் கழுவி, ஜன்னலை அடைத்து, தனி கோட், தனி பைப்பெட். இருபது முறை ஓட்டிப் பார்த்தாயிற்று. இருபது முறையும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

19 மார்ச்

பிளட் கேன்சர் வார்டில் முத்தம்மா. நாற்பது வயது, ஸ்ரீராம்புரம், கார்ப்பரேஷனில் தெரு பெருக்குகிறவர். கீமோவில் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன. ஆறு நாளாக ஆன்டிபயாடிக் போகிறது, காய்ச்சல் அசையவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வார்டு டாக்டர் பாகீரதிக்குப் பூஞ்சையோ என்று சந்தேகம். ஆனால் அந்த மருந்து கிட்னியை அடிக்கும். முத்தம்மாவின் கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. ஆதாரம் இல்லாமல் போட பயம். சளி கல்ச்சருக்கும் ரத்தம் எனக்கும் வந்திருக்கின்றன.

கணவர் நாகேஷ் லேப் வாசலிலேயே நிற்கிறார். "ரிசல்ட் வந்துச்சா மேடம்? பெரிய டாக்டரு 'நோடோணா'ன்றாரு. எத்தினி நாளு நோடோணா?"

பார்க்கலாம், பார்க்கலாம். எங்கள் லேபுக்குக் குலதெய்வம் அதுதான்.

20 மார்ச்

முத்தம்மா: கோடு. தண்ணீர்: சுத்தம். புதிதாக ரத்தம் வாங்கி மறுபடி ஓட்டினேன். கோடு. தண்ணீர் சுத்தம்.

"ப்ளேட்ல ஏனு இல்லா, ஒண்ணும் முளைக்கல. இன்னும் நாலு நாள் நோடோணா" என்றார் சேஷகிரி.

"அந்தம்மாவுக்கு நாலு நாள் இருக்கா சார்?"

"போன மாசம் தண்ணிக்கே நோய்னு சொன்னவதானே நீ?"

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எரிச்சல். நானே என்னை நம்புறேனா? தப்பா இருந்து அந்தம்மா கிட்னி போச்சுன்னா — யாரு பதில் சொல்றது? தண்ணியா?

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். பிப்ரவரி மாத அவமானப் பக்கத்தையும் சேர்த்துத்தான் பாகீரதி முன்னால் விரித்தேன். கால் மணி நேரம் படித்தார்.

"இன்னிக்கே ஸ்டார்ட் பண்றேன், கேத்தரின். என் கையெழுத்துல."

21 மார்ச்

சேஷகிரியிடமிருந்து மெமோ. "அங்கீகாரமற்ற தகவல் பரிமாற்றம்." மூன்று எழுத்துப் பிழைகள். மெமோ மட்டும் ஒரே நாளில் வந்துவிடுகிறது. அது முளைக்கத் தட்டு தேவையில்லை போல.

24 மார்ச்

சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் பூஞ்சையின் மூன்று முடிச்சுகள். பாகீரதி போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கரெக்ட்."

பாத்ரூமில் போய் அழுதேன். எதுக்குன்னு தெரியல.

29 மார்ச்

காய்ச்சல் இறங்கிவிட்டது. கிட்னி முனகுகிறது, ஆனால் தாங்குகிறது.

15 ஏப்ரல்

நான்கு வாரம் முடிந்து கல்ச்சர் ரிப்போர்ட்: "வளர்ச்சி இல்லை." கையெழுத்து, சேஷகிரி. ஆக, எங்கள் பதிவேட்டின்படி முத்தம்மாவுக்குப் பூஞ்சை வரவே இல்லை. வராத நோய் குணமாகிக்கொண்டிருக்கிறது.

மத்தியானம் சேஷகிரி என் ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "நீ எப்படிப் பண்றே, காட்டு."

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க சார்."

கழற்றினார். சாக்ஸில் ஓட்டை.

9 ஜூன்

தலைவலி மாத்திரை வாங்க மருந்துக் கவுன்டருக்குப் போனேன். ஸ்டாஃப்தானே என்று நேராக முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"ஏம்மா, நாங்கல்லாம் மனுசங்களா தெரில? லைன்ல வா!"

தலையில் ஸ்கார்ஃப், அதன் கீழே ஓர் அங்குலம் புது முடி, இடுப்பில் கை. அதே நேரம் உள்ளேயிருந்து பேர் கூப்பிட்டார்கள்: "முத்தம்மா, ஸ்ரீராம்புரம்!" நான் டியூபில் மட்டுமே பார்த்திருந்த பெயர். "தோ வர்றேன்" என்று என்னை இன்னொரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.