படி ஏறிக் காட்டினால்

மார்ச் 4, செவ்வாய்
சளிக்காய்ச்சல் விட்டுவிட்டது. டாக்டர் வந்து, "வீடு மாடியிலதானே? படி ஏறிக் காட்டுங்க ஐயா, அனுப்பிடறேன்" என்றார். அவர் போனதும் நர்ஸ் கட்டிலின் கம்பித் தடுப்பை ஏற்றிவிட்டாள். "கீழ இறங்கக் கூடாது. விழுந்தீங்கன்னா என்னைத்தான் கேப்பாங்க." இறங்காமல் எப்படி ஏறுவதாம்?

மார்ச் 5
நோயாளிகளை நடக்கப் பழக்கும் நடைப்பயிற்சிக்காரர் வந்த நேரம் பார்த்து என்னை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இனி நாளைதான்.

மார்ச் 6
தூக்கம் வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னது தப்பா? மாத்திரை கொடுத்துவிட்டார்கள். நடைப்பயிற்சிக்காரர் எழுப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

மார்ச் 8
மகன் டயப்பர் பாக்கெட்டோடு வந்தான். "எதுக்குப்பா ரிஸ்க்? பாத்ரூம் போறேன்னு விழுந்து வெச்சீங்கன்னா?"

வந்ததே ஆத்திரம்! ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவன்டா நான், பாத்ரூமுக்கு வழி தெரியாதா— கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் சுருங்கிப்போனது. பாசம்தான், தெரியாமலா இருக்கிறது? பாக்கெட்டை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மார்ச் 10
ஞாயிறென்று நேற்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தேன். தொடை தொளதொளவென்று கிடக்கிறது. இந்தக் காலை வைத்துக்கொண்டு எந்த மாடி ஏறுவது?

மார்ச் 11
மூட்டுவலியோடு மாடி இறங்கி என் வீட்டுக்காரி வந்துவிட்டாள். என் காலைப் பார்த்தவள், கம்பித் தடுப்பை இறக்கினாள்.

"எழுந்திருங்க."

"உனக்கே முட்டி வலி. ரெண்டு பேரும் விழுந்தா?"

"விழுந்தா ஆஸ்பத்திரியிலதானே விழறோம்."

ஜன்னல் வரை போனோம். நர்ஸ் ஓடிவந்து சத்தம் போட்டாள். இவள் அசையவில்லை. "இப்படியே அனுப்பினா வீட்ல யாரும்மா தூக்கறது? நீ வருவியா?" நர்ஸ் மறுபக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 14
தினமும் நடக்கிறோம். இவள் வீட்டுக்கே போகவில்லை, வார்டு பெஞ்சிலேயே படுத்துக்கொள்கிறாள். திரும்ப மாடி ஏறி இறங்க அவளாலும் முடியாது.

மார்ச் 17
ஏறிவிட்டேன்! ஆஸ்பத்திரிப் படி, ஒரு மாடி முழுக்க. மூச்சு வாங்க மேலே நின்றபடியே மகனுக்குப் போன் போட்டேன்.

"அப்பா... நேத்தே மாடி வீட்டைக் காலி பண்ணிட்டேனே. கீழ் வீடு பார்த்து சாமானெல்லாம் இறக்கியாச்சு. உங்க ரெண்டு பேருக்காகத்தான்பா."

போனை வைத்தேன். இவளிடம் சொன்னேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல" என்றாள்.

மார்ச் 24
புது வீட்டில் ஒரு படிகூட இல்லை.

சாயங்காலம் இருவரும் எதிர்க் கட்டடத்துக்குப் போய், கைப்பிடியைப் பிடித்து மெல்ல மாடி ஏறினோம். மேலே ஒரு கதவு திறந்தது. "யாரைப் பார்க்கணும்?"

"யாரையும் இல்லம்மா" என்றாள் இவள். "இப்ப இறங்கிடுவோம்."